எலி, மீன், ஈ வச்சு நோயைப் படிக்கிற ஜெனடிக்ஸ் ஆராய்ச்சிக்கு வரணும்னா என்ன பண்ணணும்

ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு நோய், ஜீனோம் சீக்வென்ஸ் பண்ணி, அதாவது மொத்த டிஎன்ஏவையும் எழுத்து எழுத்தா படிச்சுப் பாத்தா ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மாற்றத்தாலதான் நோயா, இல்ல அது பாட்டுக்கு சும்மா இருக்கற மாற்றமா? பல சமயம் ரிப்போர்ட்ல "இதோட முக்கியத்துவம் தெரியல"ன்னுதான் வரும், அந்த அப்பா அம்மா அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க. அதே எழுத்தை ஒரு மீன்லயோ எலியிலயோ ஈயிலயோ மாத்தி, என்ன ஆகுது, எந்த செல்லுல ஆகுது, எந்த வயசுல ஆரம்பிக்குது, அதை நிறுத்த முடியுமான்னு பாக்கறதுதான் இந்த வேலை. இதுக்கு வரணும்னு ஆசைப்படற ப்ளஸ் டூ, பிஎஸ்சி, எம்எஸ்சி பசங்களுக்காக எழுதறேன், இந்தியாவுல இருக்கற வழியத்தான் பெரும்பாலும் சொல்றேன்.

முதல்ல ஒரு கதை, இது தெரியாம இந்த ஃபீல்டுக்கு வரவே கூடாதுன்னு நான் நினைக்கறேன். 1949ல அமெரிக்காவுல ஜாக்சன் லேபரட்டரியில எலிக் கூட்டத்துல சில எலி மட்டும் பயங்கரமா குண்டாகுது, யாரும் எதுவும் பண்ணல, தானா வந்த மியூட்டேஷன், அதாவது ஜீன்ல வந்த மாற்றம். அதுக்கு ஓபின்னு பேர் வச்சாங்க. அப்புறம் 1960கள்ல டிபின்னு (டயபடீஸோட சுருக்கம், காசநோய் டிபி இல்ல) இன்னொரு எலி, அதுவும் குண்டு, கூடவே சுகர். டக்ளஸ் கோல்மன்ங்கறவர் ரெண்டு எலியோட ரத்த ஓட்டத்தை சர்ஜரி பண்ணி இணைச்சுப் பாத்தார். ஓபி எலியை சாதாரண எலியோட இணைச்சா ஓபி கம்மியா சாப்பிட ஆரம்பிச்சுது. டிபி எலியை சாதாரண எலியோட இணைச்சா சாதாரண எலி சாப்பாட்டையே நிறுத்திட்டு செத்துப்போச்சு. அப்போ ஓபிக்கு "போதும்"னு சொல்ற ஒரு சிக்னல் இல்ல, டிபிக்கு அந்த சிக்னல் ஏராளமா இருக்கு ஆனா அதை வாங்கிக்கற ரிசெப்டர் கெட்டுப்போச்சு. ஜீன் எதுன்னே தெரியாம, வெறும் எலியை வச்சு யோசிச்சே இந்த முடிவுக்கு வந்தார். 1994ல ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் லேப் அந்த ஜீனைக் கண்டுபிடிச்சுது, அதுதான் லெப்டின். 1997ல இங்கிலாந்துல சின்ன வயசுலயே கட்டுக்கடங்காம வெயிட் போட்ட ரெண்டு குழந்தைங்க, ஒண்ணுக்கொண்ணு கஸின், அதே ஜீன் கெட்டுப்போயிருந்துச்சு. லெப்டின் ஊசி போட்டதும் வெயிட் இறங்குச்சு.

ஆனா இதோட கதை முடியல. சாதாரணமா குண்டா இருக்கறவங்களுக்கு லெப்டின் குடுத்தா பெரிசா வேலை செய்யல, ஏன்னா அவங்க உடம்புல ஏற்கனவே லெப்டின் நிறையவே இருக்கு. எலி தப்பா எதுவும் சொல்லல, தன்கிட்ட கேட்ட கேள்விக்கு சரியான பதிலத்தான் சொல்லுச்சு, அந்த பதில் யாருக்குப் பொருந்தும்னு முடிவு பண்ற வேலை நம்மளோடது. கிரிஸ்பர், அதாவது ஜீனை வெட்டி மாத்தற டெக்னிக்கை, யார் வேணா ஆறு மாசத்துல கத்துக்கலாம். இந்த மிருகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாதுன்னு தெளிவா சொல்லத் தெரிஞ்சவங்கதான் நல்ல ஜெனடிசிஸ்ட். கீழ சொல்றது எல்லாமே அந்தத் திறமையை எப்படி வளத்துக்கறதுன்னுதான்.

எந்த மிருகம்

நிறைய பேர் "எனக்கு எலியில வேலை பண்ணணும்"னு ஆரம்பிப்பாங்க. நோயையும் கேள்வியையும் முதல்ல பிடிங்க, மிருகம் அப்புறம்.

பழ ஈ, அதாவது ட்ரோசோஃபிலா, 25 டிகிரியில பத்து நாள்ல அடுத்த தலைமுறை ரெடி. மனுஷ நோய் ஜீன்கள்ல சுமார் 75 சதவீதத்துக்கு ஈயிலயும் ஒரு சொந்தக்கார ஜீன் இருக்கு. பார்க்கின்சன், நரம்பு சிதைவு மாதிரி நோய்ல "இந்த ஜீன் எந்த ஜீனோட கூட்டு சேர்ந்து வேலை பாக்குது"ன்னு ஆயிரக்கணக்குல ஸ்க்ரீன் பண்ணணும்னா ஈயை அடிச்சுக்க ஆளில்ல. செலவும் கம்மி, சின்ன காலேஜ் லேப்ல கூட நடத்தலாம், அதனால தமிழ்நாட்டுல சின்ன ஊர்ல படிக்கறவங்க ஈயில ஆரம்பிக்கறது ரொம்ப புத்திசாலித்தனம்னு சொல்வேன். ஒரே கஷ்டம், இன்னும் இணை சேராத பெண் ஈயை பொறிஞ்சு எட்டு மணி நேரத்துக்குள்ள பொறுக்கி எடுக்கணும், அதனால காலைல ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை லேபுக்கு வந்தே ஆகணும், தீபாவளி பொங்கல்னு ஈக்குத் தெரியாது.

ஜீப்ராஃபிஷ் நம்ம கங்கை பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகள்ல இருக்கற மீன்தான், உலகம் பூரா லேப்ல இருக்கு. 2013ல அதோட ஜீனோம் வந்தப்போ மனுஷ ஜீன்கள்ல சுமார் 70 சதவீதத்துக்கு அதுல ஜோடி இருக்குன்னு தெரிஞ்சுது. குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், இதயம் துடிக்கறதையும் ரத்த செல் ஓடறதையும் மைக்ராஸ்கோப்ல உயிரோடயே பாக்கலாம். காலைல லைட் போட்டதும் முட்டை போடும், நல்ல ஜோடின்னா நூறு இருநூறு முட்டை, அதை ஒரே செல்லா இருக்கறப்பவே, அதாவது முக்கால் மணி நேரத்துக்குள்ள, கிரிஸ்பர் கலவையை மெல்லிய கண்ணாடி ஊசியில ஏத்தணும். இதயம், ரத்தக்குழாய், ரத்தம், காது கேக்கறது, பொறவிக் குறைபாடு இதுக்கெல்லாம் மீன் பிரமாதம். டெல்லியில ஐஜிஐபிங்கற ஜீனோம் ஆராய்ச்சி நிலையத்துல ரொம்ப வருஷமா இதுல வேலை நடக்குது.

எலி நமக்குக் கிட்ட, பாலூட்டி, நோய் எதிர்ப்பு மண்டலம், மூளை, கேன்சர், சுகர் எல்லாத்துக்கும் எலி வேணும். ஆனா மெதுவா நடக்கும், செலவு அதிகம், எல்லாத்துலயும் மனுஷன் மாதிரியும் இருக்காது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ல மனுஷனுக்கு நுரையீரல்தான் போகும், அதே ஜீனை எலியில கெடுத்தா குடல் அடைச்சுக்குது, ஆனா நுரையீரல் மனுஷனுக்கு ஆகற மாதிரி கெட்டுப்போறதில்ல. 2008ல அதே ஜீனைப் பன்னியில கெடுத்தப்போதான் மனுஷனுக்கு வர்ற மாதிரி நுரையீரல் நோயைப் படிக்க வழி பொறந்துச்சு. உங்க கேள்வி நுரையீரலைப் பத்தினதுன்னா எலியில பல வருஷம் செலவழிச்சுட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இன்னும் புழு இருக்கு, சி. எலிகன்ஸ், 302 நரம்பு செல், மூணு நாள்ல ஒரு தலைமுறை, ஃப்ரீஸர்ல வச்சு வருஷக்கணக்கா கழிச்சு எழுப்பலாம். வயசாகறது, நரம்பு இதுக்கெல்லாம் அருமை.

என்ன படிக்கணும், எந்த எக்ஸாம்

டிகிரி எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஜூவாலஜி, பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாம் ஓகே. எம்பிபிஎஸ், பிவிஎஸ்சி படிச்சவங்களுக்கு இதுல நல்ல இடம் இருக்கு. கால்நடை மருத்துவம் படிச்சவங்க இந்த ஆராய்ச்சிக்கு ரொம்ப தேவை, மிருகத்தோட வலியையும் நோயையும் பாத்த உடனே கண்டுபிடிக்கற கண்ணு அவங்களுக்குத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல இந்தப் பக்கம் வர்றவங்க கம்மி, அது எனக்கு உண்மையிலயே வருத்தம். ப்ளஸ் டூ முடிக்கப் போறீங்கன்னா ஐசர்ங்கற மத்திய அரசு அறிவியல் கல்வி நிலையத்துல டிகிரியும் எம்எஸ்ஸும் சேந்த பிஎஸ்-எம்எஸ் இருக்கு, திருப்பதி நமக்குப் பக்கம்தான்.

டிகிரி படிக்கறப்போ மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து குடுக்கற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப்புக்கு கண்டிப்பா அப்ளை பண்ணுங்க. ரெண்டு மாசம் ஒரு நல்ல லேப்ல உக்காந்தா இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுடும். எம்எஸ்சிக்கு கேட்-பி, ஜேஏஎம்ங்கற நுழைவு எக்ஸாம் வழி, ஐஐஎஸ்சி மாதிரி இடத்துல இன்டக்ரேட்டட் பிஎச்டி. பிஎச்டிக்கு எழுதற எக்ஸாம் சிஎஸ்ஐஆர் நெட், டிபிடி பெட், ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப், என்சிபிஎஸ் மாதிரி உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு டிஐஎஃப்ஆர் நடத்தற ஜீபில்ஸ். ஜேஆர்எஃப், அதாவது பிஎச்டி பண்றவங்களுக்கான உதவித்தொகை, கிடைச்சா 2023 ஜனவரிலேருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000, ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனி. பணம் லேட்டா வர்றது சகஜம், அதனால கையில நாலஞ்சு மாசத்துக்கு ஏதாவது வச்சுக்கோங்க, வீட்லயும் முன்னாடியே சொல்லி வைங்க.

சிஎஸ்ஐஆர் நெட் எக்ஸாம்ல பார்ட் சி தான் ஆளைத் தூக்கும். மனப்பாடம் வேலைக்காகாது, பெடிக்ரீ, லிங்கேஜ் மேப்பிங், எபிஸ்டாசிஸ், காம்ப்ளிமென்டேஷன் கணக்கை தினம் ரெண்டு போடுங்க. இன்டர்வியூலயும் இதையேதான் கேப்பாங்க. "வெள்ளைக் கண்ணு ஈ ரெண்டு, வேற வேற ஸ்டாக்லேருந்து வந்தது, சேத்து வச்சா குட்டி எல்லாம் செவப்புக் கண்ணு, என்ன புரியுது?" ரெண்டும் வேற வேற ஜீன்ல கெட்டிருக்கு, ஒண்ணுல இல்லாதத இன்னொண்ணு குடுத்துடுச்சுன்னு சொல்லணும், அடுத்து "ரெண்டும் ஒரே ஜீன்னா என்ன வந்திருக்கும்"னு கேப்பாங்க. வேகமா சொல்லணும்னு அவசியம் இல்ல, போர்டுல போட்டு சத்தமா யோசிக்கணும், அதத்தான் பாக்கறாங்க.

லேப் தேடறது

இன்ஸ்டிட்யூட் பேரை விட லேப் முக்கியம், லேபை விட கைடு முக்கியம். சேர்றதுக்கு முன்னாடி அங்க இருக்கற சீனியர்கிட்ட தனியா பேசுங்க. கடைசியா முடிச்சவங்க எத்தனை வருஷம் எடுத்தாங்க, பாதியில விட்டவங்க உண்டா, பேப்பர்ல யாரு பேரு முதல்ல வந்துச்சு, அனிமல் ஹவுஸ் நல்லா இருக்கா, வெட்னரி டாக்டர் முழு நேரம் இருக்காரா, கிரான்ட் எப்போ முடியுது. கடைசி கேள்வியைக் கேக்க கூச்சமா இருக்கும், ஆனா கேளுங்க, எலி வேலை நடுவுல பணம் நின்னா வளத்து வச்ச எலிக் கூட்டமே போயிடும்.

அப்புறம் அனுமதி. 1960ல வந்த மிருகவதை தடுப்புச் சட்டத்துக்குக் கீழ ஒரு மத்தியக் கமிட்டி இருக்கு, முன்னாடி சிபிசிஎஸ்இஏ, இப்போ சிசிஎஸ்இஏ. ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்லயும் ஐஏஇசின்னு எதிக்ஸ் கமிட்டி, அதுல வெளி ஆளுங்களும் இருப்பாங்க. எத்தனை மிருகம், ஏன் அத்தனை, வலி எப்படிக் குறைப்பீங்க, எப்போ நிறுத்துவீங்க, எல்லாத்தையும் ஃபார்ம் பி-யில எழுதணும். அனுமதி வராம ஒரு எலியைக் கூட தொடக்கூடாது. கமிட்டி நாம நினைச்ச நேரத்துல கூட்டம் போடாது, அதனால பிஎச்டி சேந்த முதல் மாசமே இதை எழுத உக்காருங்க. இதை வெறும் பேப்பர் வேலையா பாக்காதீங்க. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ல சொன்ன மூணு விஷயம், மிருகத்துக்கு மாத்து தேடறது, எண்ணிக்கையைக் குறைக்கறது, வலியைக் குறைக்கறது, இதை மனசுல வச்சு அந்த ஃபார்மை எழுதினா உங்க எக்ஸ்பெரிமென்டே தெளிவாயிடும்.

உள்ள என்ன நடக்கும்

எலி லேப்ல ஒரு நாள் எப்படின்னா, குட்டி பொறந்து 21 நாள்ல தாய்கிட்டேருந்து பிரிக்கணும், ஆண் பெண் தனித்தனி கேஜ், காதுல சின்னதா ஒரு ஓட்டை போடுவோம், ஓட்டை இருக்கற இடமே அந்த எலியோட நம்பர். அந்த துணுக்கு சதையை ட்யூப்ல போட்டு டிஎன்ஏ எடுத்து, வேணுங்கற துண்டை மட்டும் பெருக்கற பிசிஆர் போட்டு, ஜெல்லுல ஓட்டிப் பாத்தா ஒரு பேண்ட் மேல இருந்தா நார்மல், கீழ மட்டும் இருந்தா அப்பா அம்மாகிட்டேருந்து வந்த ரெண்டு ஜீன் காப்பியும் போச்சு, ரெண்டு பேண்டும் இருந்தா ஹெட்டரோ, அதாவது ஒரு காப்பி மட்டும் போச்சு. பேண்ட் வர்ற இடம் பிசிஆர்ல போடற ப்ரைமரை (எந்த டிஎன்ஏ துண்டைப் பெருக்கணும்னு காட்டற சின்ன டிஎன்ஏ) பொறுத்து மாறும், அதனால ஒவ்வொரு ஜெல்லுலயும் தெரிஞ்ச மூணு சாம்பிளையும் தண்ணியையும் சேத்து ஓட்டுங்க, தண்ணியில பேண்ட் வந்தா அன்னிக்கு ரிசல்ட் மொத்தமும் குப்பைக்குத்தான்.

எலி வேலையில முக்கியமான திறமை கணக்குதான். ரெண்டு ஜீனும் போன எலி வேணும்னு வைங்க, ரெண்டுலயும் ஹெட்டரோவா இருக்கற ஜோடியை சேத்தா பதினாறுல ஒண்ணுதான் கிடைக்கும். ஆண் எலி மட்டும் 8 வேணும்னா 256 குட்டி, ஒரு ஈத்துக்கு 7 குட்டின்னா கிட்டத்தட்ட 37 ஈத்து! அதுவே முதல் ஜீன் இல்லாம எலி ஆரோக்கியமா வாழுதுன்னா, முதல்ல அதை மொத்தமா போன நிலைக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் சேருங்க, நாலுல ஒண்ணு கிடைக்கும், 64 குட்டி, ஒன்பது பத்து ஈத்துல வேலை முடிஞ்சுது. கன்ட்ரோல் எலி, அதாவது ஒப்பிட்டுப் பாக்கற எலி, எது வேணும்னு பாத்து இதை முடிவு பண்ணணும், ஆனா பேப்பர்ல அரை மணி நேரம் போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட இருநூறு உயிர் மிச்சம், ஒரு வருஷமும் மிச்சம்.

அடுத்தது ஸ்ட்ரெயின், அதாவது எலியோட வம்சம். லேப்ல அதிகமா இருக்கற ஒரு கறுப்பு எலி வம்சத்தை எல்லாரும் "பிளாக் சிக்ஸ்"னு பொதுவா சொல்வாங்க, ஆனா ஜாக்சன்லேருந்து வர்ற 6ஜே-யில என்என்டிங்கற ஜீன்ல ஒரு பகுதியே இல்ல, இன்சுலின் சுரக்கறதுல அது வித்தியாசம் காட்டும். அதோட இன்னொரு கிளையான 6என்-ல விழித்திரையைக் கெடுக்கற ஆர்டி8 மியூட்டேஷன் இருக்கு. கண் நோய் படிக்கறவங்க இதைப் பாக்காம 6என்-ல வேலை பண்ணினா, தான் கெடுத்த ஜீனாலதான் கண்ணு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதனால எப்பவும் ஒரே ஈத்துல பொறந்த அண்ணன் தம்பி எலியையே கன்ட்ரோலா வைங்க.

ஏஎல்எஸ்ங்கற, தசையை இயக்கற நரம்பு செல் சாகற நோய்க்கு 1994ல வந்த எஸ்ஓடி1 எலியைப் (அந்த ஜீனோட கெட்ட மனுஷ வடிவத்தை ஏத்தின எலி) பத்தி ஒவ்வொரு ஸ்டூடன்டும் படிக்கணும். அந்த எலியில பல மருந்து வேலை செஞ்சுதுன்னு பேப்பர் வந்துச்சு, நோயாளிகளுக்குக் குடுத்தப்போ ஒண்ணொண்ணா தோத்துச்சு. 2008ல ஒரு குழு 70க்கும் மேற்பட்ட மருந்தை அதே எலியில ஒழுங்கா திரும்ப டெஸ்ட் பண்ணினப்போ ஒண்ணு கூட தேறல. எண்ணிக்கை கம்மி, ஆண் பெண் கலப்பு சரியில்ல, ஒரே ஈத்து எலியைப் பிரிச்சுப் போடல, சில எலியில ஜீன் காப்பி குறைஞ்சுபோனது தெரியல, இதெல்லாம்தான் காரணம். அந்த ட்ரையல்ல சேந்த நோயாளிங்க தங்களோட கடைசி வருஷங்களை நம்பிக் குடுத்தாங்க. அதனாலதான் எந்த எலி எந்த க்ரூப்னு தெரியாம அளக்கறது, குலுக்கிப் போட்டு க்ரூப் பிரிக்கறது, ஆண் பெண் ரெண்டு எலியையும் சேக்கறது, இதுல விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு சொல்றேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸும், ஆர் அல்லது பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியும் முதல் வருஷத்துலயே கத்துக்கோங்க.

மனசு விஷயமும் சொல்லணும். மிருகத்தைக் கொல்ல வேண்டியிருக்கும், அது பழகிடும்னு சிலர் சொல்வாங்க, முழுசா பழகாம இருக்கறதே நல்லதுன்னு நான் நம்பறேன். கை நடுங்கற ஆளு நல்லா ட்ரெயினிங் எடுத்துட்டு வேகமா வலியில்லாம பண்ணக் கத்துக்கணும், இல்லன்னா மிருகத்துக்குத்தான் கஷ்டம். முடியவே முடியலன்னு தோணினா அதுல தப்பே இல்ல, செல், ஆர்கனாய்டு (லேப்ல செல்லுலேருந்து வளக்கற குட்டி உறுப்பு), கம்ப்யூட்டர் பக்கம் அதே ஜெனடிக்ஸைப் பண்ணலாம். உடம்பு விஷயம், எலி அலர்ஜி லேப்ல நிறைய பேருக்கு வருது, முதல் நாள்லேருந்தே மாஸ்க் கிளவுஸ் போடுங்க, தும்மலும் தோல் அரிப்பும் ஆரம்பிச்சா மறைக்காம சொல்லுங்க, அது ஆஸ்துமாவா மாறலாம்.

அப்புறம்

பிஎச்டி அஞ்சு ஆறு வருஷம் ஆகும், எலின்னா இன்னும் கொஞ்சம் கூட. அதுக்கப்புறம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சு இன்னொரு லேப்ல பண்ற ஆராய்ச்சி வேலை, வெளிநாடு போனவங்க திரும்பி வர ராமலிங்கசாமி ஃபெலோஷிப் இருக்கு, இங்கேயே இருக்கறவங்களுக்கு இந்தியா அலையன்ஸ், இன்ஸ்பயர் ஃபேகல்ட்டிங்கற ஃபெலோஷிப் இருக்கு. ப்ரொஃபஸர் வேலை எண்ணிக்கை கம்மி, இதை மறைக்கக் கூடாது. பெங்களூர் ஹைதராபாத்ல மத்தவங்களுக்காக காசு வாங்கிட்டு ஆராய்ச்சி பண்ணித் தர்ற சிஆர்ஓ கம்பெனி, மருந்து கம்பெனி, ஜெனடிக் டெஸ்டிங் கம்பெனி, அனிமல் ஹவுஸ் நிர்வாகம், எலி மீன் ஃபெசிலிட்டி நடத்தறது இதெல்லாம் மரியாதையான வேலைதான், தோத்துப்போய் போற இடம் இல்ல.

காலமும் மாறுது. 2022 டிசம்பர்ல அமெரிக்கா புது மருந்துக்கு மிருக டெஸ்ட் கட்டாயம் இல்லன்னு சட்டம் போட்டுச்சு, 2023ல இந்தியாவும் விதியைத் திருத்தி மாற்று முறைகளை ஏத்துக்கிச்சு. அதனால மிருகத்தோட சேத்து நோயாளியோட ஸ்டெம் செல், ஆர்கனாய்டு ஒண்ணையாவது கையில வச்சுக்கோங்க. ரெண்டுலயும் ஒரே பதில் வந்தா உங்க பேப்பருக்கு பலமும் ஜாஸ்தி.

கேள்வி தேடி வெளிய அலைய வேண்டாம். எம்ஒய்பிபிசி3ங்கற இதய ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியாவுல நூத்துல சுமார் நாலு பேர்கிட்ட இருக்குன்னு, பின்னாடி இதய செயலிழப்புக்கு அது வழி வகுக்குதுன்னு 2009ல வெளிவந்துச்சு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துலயும் ஹைதராபாத் சிசிஎம்பிங்கற செல், மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையத்துலயும் இருந்தவங்க அதுல முக்கியமா வேலை பாத்தாங்க. மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துல கட்டற வழக்கத்தால ரெண்டு காப்பியும் கெட்டுப்போற நோய்கள் நம்ம பக்கம் அதிகமா வெளிய தெரியுது. அந்தக் குடும்பங்களோட ஜீனை எடுத்து மீன்ல வச்சுப் பாக்கற ஆளு இங்கேயே வேணும். பக்கத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ்ல ஜெனடிக்ஸ் கிளினிக் நடத்தற டாக்டரைப் போய்ப் பாருங்க, அவங்ககிட்ட பதில் இல்லாத கேஸ் ஃபைல் அடுக்கி இருக்கும்.

கடைசியா லேபுக்கு மெயில். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்"னு நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பாதீங்க, படிக்காமயே போயிடும். அவங்க கடைசி ரெண்டு வருஷப் பேப்பர்ல ஒண்ணை முழுசா படிங்க, ஒரு படத்தைப் பத்தி உங்களுக்கு வந்த ஒரு கேள்வியை ரெண்டு வரியில எழுதுங்க, நீங்க கைப்பட செஞ்ச வேலை என்ன, எப்போ வர முடியும், ஃபெலோஷிப் இருக்கா இல்லையா, அவ்வளவுதான், பத்து வரிக்கு மேல வேண்டாம். ரெண்டு வாரம் பாத்துட்டு ஒரு தடவை ஞாபகப்படுத்தி போடுங்க, அதுக்கும் பதில் இல்லன்னா அடுத்த லேபுக்கு எழுத ஆரம்பிங்க.